43 அங்குல 4கே டிவியில் கேபிள் படம்: பெரிதாக்கும் வேலையை யாரிடம் விடுவது?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஹால் பத்தடிக்குப் பத்தடி. பல வருடமாக அங்கே 21 அங்குல டியூப் டிவி ஒன்று இருந்தது. அது மூச்சை நிறுத்தியதும் அதே சுவரில் 43 அங்குல 4கே டிவியை மாட்டினோம். கடையில் ஓடிய டெமோவில் கிளியின் இறகை எண்ணலாம் போலிருந்தது. வீட்டில் கேபிளைச் செருகி, அப்பா தினமும் பார்க்கும் பழைய பட சேனலை வைத்ததும் கதை மாறிவிட்டது.

"இன்னாடா இது, மூஞ்சியெல்லாம் மெழுகுல செஞ்ச மாதிரி கீது. பழைய பொட்டியிலயே சோக்கா தெரிஞ்சுதே" என்றார்.

வயதானவர் பழசையே பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்று தள்ளிவிட முடியாது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. எழுத்தின் ஓரமெல்லாம் ரம்பம் போல வெட்டுப்பட்டிருந்தது, புடவைச் சிவப்பு எல்லை தாண்டி வழிந்தது. எங்கெங்கே கெடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி டிவி வாங்கிவிட்டு இதே வசவு வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஹெச்.டி. அல்லாத சாதாரண சேனலின் படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது 82,94,400. வகுத்துப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. திரையில் தெரிகிற இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் சேனலிலிருந்து தகவல் வருகிறது. மீதி பத்தொன்பதைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து யாரோ கணித்து நிரப்புகிறார்கள். அப்ஸ்கேலிங் என்பது இதுதான்.

தட்டை டிவியில் இதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அதன் திரையில் புள்ளிகள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டவை, எல்லாவற்றையும் நிரப்பியே ஆக வேண்டும். டியூப் டிவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. எலக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடிப் படம் வரைந்தது. 576 வரி வந்தால் 576 வரி. ஒவ்வொரு வரியின் ஓரமும் லேசாக மங்கிப் பக்கத்து வரியோடு கலந்தது. அந்த மங்கலே ஒரு நல்ல பெரிதாக்கியின் வேலையைச் செலவில்லாமல் செய்துகொண்டிருந்தது.

ஆகவே கேள்வி, பெரிதாக்கலாமா கூடாதா என்பதல்ல. யார் பெரிதாக்குகிறார்கள், எத்தனை கை மாறுகிறது என்பதுதான்.

மஞ்சள் பின்

டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள்காரர் வீட்டு ஆள் வந்து மாட்டிய செட்டாப் பாக்ஸ் ஹெச்.டி. பாக்ஸ்தான். ஆனால் டிவிக்கு வந்த வயர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின் வைத்த பழைய ஏ.வி. வயர். பாக்ஸின் ஹெச்.டி.எம்.ஐ. துளை தூசி அடைத்து அப்படியே கிடந்தது. இது எங்கள் வீட்டில் மட்டுமில்லை. தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன், ஐம்பதாயிரம் ரூபாய் டிவிக்கு ஐம்பது ரூபாய் மஞ்சள் பின்.

அந்த மஞ்சள் பின்னில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. பால் (PAL) என்ற நம் ஊர் வண்ண டிவி முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறுகிறது. வெளிச்சத் தகவல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் டிவியால் சுத்தமாகப் பிரிக்க முடியாது. நெருக்கமான கோடு போட்ட சட்டையில் இல்லாத வானவில் தெரியும். சிவப்பு எழுத்தின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் எறும்பு வரிசையாய் ஊரும். இதில் இன்னொரு கொடுமை, பாக்ஸுக்குள் டிஜிட்டலாக வந்த படம் இந்தக் கம்பிக்காக அனலாக் ஆகி, டிவிக்குள் போய் மறுபடி டிஜிட்டல் ஆகிறது. இவ்வளவு அழுக்கையும் சேர்த்துத்தான் டிவி இருபது மடங்கு ஆக்குகிறது. அதற்கு எது புடவைக் கரை, எது ஊரும் புள்ளி என்று தெரியாது. இரண்டையும் ஒரே மரியாதையோடு பெரிதாக்கும்.

ஒன்றரை மீட்டர் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை வாங்கி மாற்றினேன். விலை கூடின, தங்க முலாம் பூசிய வகையெல்லாம் தேவையில்லை. இந்த நீளத்துக்குச் சாதாரணக் கேபிளே போதும். எறும்புகள் உடனே மறைந்தன. வானவில்லும் போயிற்று. சிவப்பு வழிவது பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அதற்குக் காரணம் கம்பியில் இல்லை. சேனல் அனுப்பும்போதே நிறத் தகவலைக் குறுக்கே பாதி, நெடுக்கே பாதி என்று குறைத்துத்தான் அனுப்புகிறது. சாதாரண சேனலில் நிறத்துக்கு 360க்கு 288 புள்ளிதான். அதை 4கே வரை இழுக்கும்போது கரை கொஞ்சம் கரையத்தான் செய்யும்.

துடிக்கிற ட

கேபிள் மாற்றியதும் புதிதாக ஒரு நோய் கண்ணில் பட்டது. செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ட, ப, ம மூன்றுக்கும் அடிக்கோடு படுக்கையாக இருக்கிறதல்லவா, அந்தக் கோடு மட்டும் மேலும் கீழும் துடித்தது. கிரிக்கெட்டில் எல்லைக் கயிறு படிக்கட்டாகத் தெரிந்தது. பழைய மஞ்சள் பின்னில் இவ்வளவு இல்லை.

இதைப் புரிந்துகொள்ள வரிவிட்டு வரி அனுப்பும் முறையைச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975இல் தொடங்கிய காலத்து முறை இன்றைய சாதாரண சேனலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நொடிக்கு 50 முறை பாதிப் படம் வரும். முதல் பாதியில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த பாதியில் இரட்டைப்படை வரிகள், ஒவ்வொன்றிலும் 288. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிறந்ததுதான் அந்த நொடிக்கு 50. இப்படி வருவதை 576ஐ (576i) என்பார்கள். டியூப் டிவி வந்தது வந்தபடி வரைந்துவிடும். தட்டை டிவிக்கு முழுப் படம் வேண்டும். ஆகவே பெரிதாக்குவதற்கு முன்னால் இரண்டு பாதிகளையும் கோத்து ஒரு முழுப் படம் ஆக்கியாக வேண்டும். உண்மையில் படம் கெடுவதும் தேறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விளம்பரத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அசையாத காட்சி என்றால் இரண்டு பாதியையும் பின்னிவிடலாம், 576 வரியும் கிடைத்துவிடும். ஆள் ஓடினால் இரண்டு பாதியும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை. அப்படியே பின்னினால் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். அதற்காக ஒவ்வொரு பாதியையும் தனியாக இழுத்து முழுசாக்கினால் சீப்பு போய்விடும், ஆனால் படுக்கைக் கோடெல்லாம் துடிக்கும். நல்ல சிப் படத்தைப் பகுதி பகுதியாகப் பார்த்து, அசையாத இடத்தில் பின்னும், அசைகிற இடத்தில் மட்டும் கணிக்கும். மலிவான சிப் எல்லா இடத்திலும் இழுத்துவிட்டுப் போய்விடும்.

எங்கள் பாக்ஸின் மெனுவில் வீடியோ வெளியீடு 1080ஐ என்று இருந்தது. அப்படியானால் பாக்ஸே 576ஐ படத்தை 1080ஐ ஆக இழுக்கிறது. டிவி அதை வாங்கி மறுபடி கோத்து 4கே ஆக்குகிறது. இரண்டு கை. முதல் கை மட்டமான கை. அங்கே துடிக்க ஆரம்பித்த கோட்டை இரண்டாவது கை நிறுத்த முடியாது. அதற்குத் தெரிவதெல்லாம் தனக்கு ஒரு 1080 படம் வந்திருக்கிறது என்பதுதான்.

மெனுவில் வேறு வழிகளும் இருந்தன: 576ஐ, 576பி, 720பி. முதலில் 576பி. இதில் பாதிகளைக் கோப்பதைப் பாக்ஸ் செய்யும், பெரிதாக்குவதை மட்டும் டிவி செய்யும். துடிப்பு கொஞ்சம் அடங்கியது, கயிற்றின் படிக்கட்டு அப்படியே இருந்தது. அப்புறம் 576ஐ. வந்ததை வந்தபடியே டிவியிடம் கொடுத்துவிடும். ட நின்றது. கயிறு கோடாயிற்று. டிவி ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினால் உள்ளே வரும் படத்தின் அளவு மூலையில் தெரியும். அதையும் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. சில பாக்ஸ்கள் மெனுவில் ஒன்று காட்டிவிட்டு வேறு ஒன்றை அனுப்பும்.

பழைய சினிமாவுக்கு இதில் கூடுதல் லாபம். ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம், அதாவது 24 ஃபிரேம். நம் ஊர் ஒளிபரப்பில் அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். ஒரே சட்டத்தை இரண்டு பாதியாக வெட்டி அனுப்புவதால் இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. டிவி இதைக் கண்டுபிடித்துவிட்டால் கணிக்கவே வேண்டாம், பின்னினால் 576 வரியும் சுத்தமாகக் கிடைக்கும். டிவி மெனுவில் ஃபிலிம் மோட், சினிமா மோட் என்று ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் இதற்குத்தான், ஆன் செய்து வையுங்கள். (25 ஆக ஓட்டுவதால் இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டும் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். அந்த ஆறு நிமிடத்தை விளம்பரம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறது.)

ஆனால் 576ஐ வைத்தால் ஹெச்.டி. சேனலுக்கு ஆபத்து. 1080 படத்தைப் பாக்ஸ் 576க்குக் குறுக்கி அனுப்பிவிடும். சேனலுக்குத் தக்கபடி தானே மாற்றிக்கொள்ளும் வசதி சில பாக்ஸ்களில் உண்டு. எங்களுடையதில் இல்லை. அதிலிருந்த ஆட்டோவும் சேனலைப் பார்ப்பதில்லை, டிவி எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் பார்க்கிறது. எங்கள் வீட்டில் ஹெச்.டி. என்றால் கிரிக்கெட்டும் ஒரு பாட்டுச் சேனலும்தான். ஆகவே எப்போதும் 576ஐ, மேட்ச் நாளில் மட்டும் 1080ஐ. மாற்றுவதற்கு ரிமோட்டில் நாலைந்து அழுத்து. அப்பா தொடமாட்டார், அம்மா ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்.

மெழுகு எங்கிருந்து வந்தது

இவ்வளவுக்கும் பிறகு மூஞ்சி மெழுகாகத்தான் இருந்தது. இந்த முறை குற்றவாளி டிவிதான். பெட்டியைத் திறந்ததிலிருந்து படம் விவிட் என்ற நிலையில் இருந்திருக்கிறது. கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்து டிவியை முந்துவதற்காக வைத்த நிலை அது. அதில் ஷார்ப்னெஸ் உச்சம், நாய்ஸ் ரிடக்‌ஷன் உச்சம், அசைவை மழுப்பும் வசதியும் உச்சம்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் புள்ளிப் புள்ளியாகத் தெரிவதை எல்லாம் துடைக்கும். பழைய ஃபிலிமின் மணல் மணலான தன்மை அதற்கு அழுக்கு. நடிகரின் கன்னத்துத் தோலும் அழுக்கு. துடைத்து வழவழப்பாக்கிவிட்டு ஷார்ப்னெஸ் வந்து கண், மூக்கு, மீசை ஓரங்களுக்கு மட்டும் கோடு போடும். நடுவில் விவரம் இல்லை, ஓரத்தில் கூர்மை. மெழுகுப் பொம்மைக்கு இலக்கணமே அதுதான்.

திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று சேனல் லோகோவைப் பாருங்கள். ஷார்ப்னெஸ் கூடியிருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம் ஓடும். அது சேனல் அனுப்பியதல்ல, டிவி போட்டது. லோகோவைப் பார்த்தபடியே ஷார்ப்னெஸைக் குறைத்துக்கொண்டே போனேன். வளையம் மறைந்த இடத்தில் நிறுத்தினேன். எண்ணைச் சொல்லிப் பயனில்லை, ஒரு கம்பெனி டிவியில் பூஜ்யம் நடுநிலை, இன்னொன்றில் ஐம்பது நடுநிலை. லோகோவை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

சாதாரண நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டேன். எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்பது வேறு, அதை மட்டும் குறைந்த அளவில் விட்டுவைத்தேன். கேபிள் சேனல்களைச் சுருக்கும்போது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவார்கள். நிறைய சேனல்களை ஒரே கம்பியில் அடைக்க ஒவ்வொன்றையும் இறுக்கினால் அந்தக் கட்டங்களின் எல்லை வெளியே தெரியும், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஒரு கலக்கமும் வரும். எட்டுப் புள்ளிக் கட்டம் 4கேயில் குறுக்கே நாற்பது புள்ளிக்கு மேல் ஆகிவிடும். அதைக் கொஞ்சம் மழுப்புவதில் தப்பில்லை. இந்த மாற்றம் எல்லாம் கேபிள் செருகிய ஹெச்.டி.எம்.ஐ. துளைக்கு மட்டும். எங்கள் டிவி ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்கிறது.

அசைவை மழுப்புவதை அணைத்தது எனக்காக. படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவது எனக்கு ஆகாது. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார்.

அகலத்தைப் பற்றிச் சண்டையே வந்தது. பழைய படம் நாலுக்கு மூன்று அளவில் வரும், பதினாறுக்கு ஒன்பது திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு விழும். "இவ்ளோ பெரிய டிவி வாங்கி பாதிய கறுப்பா விட்டா எப்படிப்பா" என்று அம்மா ஆட்சேபம் சொன்னார். இழுத்து நிரப்பினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள். மிக அகலமான சினிமாஸ்கோப் படம் இன்னும் மோசம். நாலுக்கு மூன்றுக்குள் மேலும் கீழும் பட்டை போட்டு வைத்திருப்பதால் 576 வரியில் படத்துக்கு 327 வரிதான் மிஞ்சும். நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால் அட்டை. ஜூம் செய்தால் அந்த 327 வரி 1634 வரி ஆகிறது, உயரத்தில் ஐந்து மடங்கு. ஸ்கோப் படத்துக்கு ஜூம், மற்ற படத்துக்குக் கறுப்புப் பட்டை என்று ஒப்பந்தமாயிற்று. அம்மா இல்லாத நேரத்தில்தான் நான் அதைக் கடைப்பிடிக்க முடிகிறது.

அக்கா கல்யாண வி.சி.டி.

பெரிதாக்கும் முறைகளைத் தனித்தனியாகப் பார்க்க ஆசை வந்தது. அதற்கு அக்கா கல்யாணத்து வி.சி.டி. வாகாக இருந்தது. ஒரு காலத்தில் பர்மா பஜாரில் குவிந்து கிடந்த அதே வி.சி.டி. வகைதான். 1993இல் வந்த தரம், 352க்கு 288 புள்ளி, நொடிக்கு 1150 கிலோபிட். 4கேயோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 82 மடங்கு. பாதிப் படத் தொல்லை இல்லை என்பதால் பெரிதாக்குவதை மட்டும் தனியாகப் பார்க்கலாம். லேப்டாப்பில் எஃப்.எஃப்.எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைக் கொண்டு ஒரே துண்டை வெவ்வேறு முறையில் 4கே ஆக்கி டிவியில் ஓட்டினேன்.

பக்கத்துப் புள்ளியை அப்படியே நகல் எடுக்கும் முறையில் எல்லாம் செங்கல் சுவர். நாலு புள்ளியைச் சராசரி எடுக்கும் பைலீனியரில் செங்கல் போய்ப் பனி மூட்டம். பதினாறு புள்ளியைப் பார்க்கும் பைக்யூபிக்கில் மூட்டம் பாதி விலகியது. இன்னும் அகலமாகப் பார்க்கும் லான்ஸாஸில் மாலையின் பூவெல்லாம் பிரிந்து தெரிந்தது, ஆனால் தாலிச் சரட்டை ஒட்டி நிழல் போல ஒரு இரட்டைக் கோடு. கூர்மை கேட்டால் வளையம் சேர்ந்தே வரும். என் கண்ணுக்கு பைக்யூபிக் நிம்மதியாக இருந்தது.

அடுத்து செயற்கை நுண்ணறிவு. 2014இல் எஸ்.ஆர்.சி.என்.என். என்ற மூன்றடுக்கு நரம்பு வலையை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சின்னப் படத்தையும் பெரிய படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பழக்கினால் இடைப்பட்ட புள்ளியை அது ஊகிக்கும். அதன் வாரிசுகள்தான் இன்று டிவி விளம்பரங்களில் ஏ.ஐ. அப்ஸ்கேலிங் என்று வருகின்றன. லேப்டாப்பில் அப்படியொரு மென்பொருளில் போட்டேன். ஒரு சின்னத் துண்டுக்கே மணிக்கணக்காக மின்விசிறி அலறியது.

முதல் பார்வையில் அசந்துவிட்டேன். அக்காவின் புருவம், இமை, மூக்குத்தி எல்லாம் தெளிவு. நிறுத்தி உற்றுப் பார்த்தால், பட்டுப் புடவைக் கரையில் இருந்த யாளி வரிசை வேறு ஏதோ கொடி வடிவம் ஆகியிருந்தது. மேடைக்குப் பின்னால் தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய பெயர்களில் தமிழ் எழுத்துகள் எந்த மொழியும் இல்லாத அழகான வளைவுகளாக மாறியிருந்தன. அதற்குப் பழக்கிய படங்களில் முகம் ஏராளமாக இருந்திருக்கும், தமிழ் எழுத்து இருந்திருக்காது. தெரிந்ததைப் போட்டு நிரப்பிவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கு அது வைத்த மூஞ்சியைப் பார்த்து யார் வீட்டுச் சொந்தம் என்று குடும்பத்தில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

டிவிக்குள் இருக்கும் சிப்புக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கு 20 மில்லிநொடி. அதற்குள் முடிக்கக்கூடிய சின்ன வலைதான் உள்ளே ஓடும். ஆகவே அது இந்த அளவுக்குத் துணிந்து கற்பனை செய்வதில்லை, ஓரத்தைச் சீராக்குவதோடு நிறுத்திக்கொள்கிறது. கேபிள் படத்துக்கு அதுவே போதும் என்று இந்தச் சோதனைக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது.

அப்பா சொன்னதன் கணக்கு

பழைய பெட்டியே நன்றாக இருந்தது என்றாரே, அதை அளந்து பார்த்தேன். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறிய முடியும் என்பது பொதுவான அளவு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.29 மில்லிமீட்டர். 21 அங்குல டியூபில் படத்தின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். 576ஆல் வகுத்தால் ஒரு வரி 0.52 மில்லிமீட்டர். 1.8 மீட்டர், அதாவது ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து முழுப் படமாகத் தெரியும். அப்பாவின் நாற்காலி ஏழடியில் இருக்கிறது.

43 அங்குலத்தில் உயரம் 53.5 சென்டிமீட்டர். அதே 576 வரி இப்போது ஒவ்வொன்றும் 0.93 மில்லிமீட்டர். கலந்து தெரிய 3.2 மீட்டர், பத்தரை அடி வேண்டும். எங்கள் ஹாலில் அவ்வளவு போனால் சமையலறைச் சுவரைத் துளைக்க வேண்டும். அதே ஏழடியில், அதே சேனலின் குறைகள் அப்பாவின் கண்ணுக்குப் புதிதாகத் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஹெச்.டி. சேனலுக்கு இந்தத் தூரம் 1.7 மீட்டர், ஐந்தரை அடி. ஏழடியில் குறையே தெரியாது. 1080இலிருந்து 4கேக்கு இரண்டு பக்கமும் சரியாக இரண்டு மடங்குதான் என்பதால் டிவிக்கும் வேலை சுலபம். 4கேயின் புள்ளியைப் பிரித்துப் பார்க்கவோ மூன்றடிக்குள் வர வேண்டும். ஏழடியில் உட்காருகிறவருக்கு 4கேயும் ஹெச்.டி.யும் புள்ளிக் கணக்கில் ஒன்றுதான். டிவி வாங்கும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டிருந்தாலும் 4கேதான் வாங்கியிருப்போம், இந்த அளவில் கடையில் காட்டியதெல்லாம் 4கேதான்.

மொபைல் நெட்டில், டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வழியாகப் பார்ப்பதற்கும் யார் பெரிதாக்குகிறார் என்ற கேள்வி உண்டு. ஸ்டிக்கை 4கே வெளியீட்டில் வைத்தால் 480 படத்தையும் அதுவே 4கே ஆக்கி அனுப்பும், டிவியின் சிப் சும்மா இருக்கும். 1080இல் வைத்துப் பார்த்தேன், பழைய பாட்டுகளில் லேசான முன்னேற்றம். ரொம்பப் பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். அங்கே படத்தைத் தீர்மானிப்பது நெட்டின் வேகம்தான்.

கேபிளில் இன்னொரு குறை மிச்சம் இருந்தது. சாயங்காலமானால் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும். டியூப் காலத்தில் சிக்னல் குறைந்தால் பொரி பொரியாகத் தெரிந்தாலும் கதை ஓடும். டிஜிட்டலில் தகவல் விடுபட்டால் ஓட்டைதான், அதை எந்த அப்ஸ்கேலரும் அடைக்காது. மொட்டை மாடியில் ஸ்ப்ளிட்டரைத் திறந்தால் உள்ளே கனெக்டர் பச்சை பூத்து, நடுக்கம்பி தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. காசிமேடு கூப்பிடு தூரம். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, "கடக்காத்துக்கு இது எம்மா நாளு தாங்கும் தம்பி? மூடி இல்லாம வுட்டுட்டாங்க" என்று நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றினார். பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் தரத்தைக் காட்டும் பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது. சதுரம் உடைவது நின்றுவிட்டது.

எதிர்வீட்டில் 32 அங்குல டிவி, 1366க்கு 768 புள்ளி. அதே கேபிள், அதே சேனல், ஆனால் பெரிதாக்குவது இரண்டரை மடங்குதான். வரிகள் கலக்க எட்டடிக்கும் குறைவாகப் போதும். அங்கே பழைய படம் இன்றும் எங்கள் வீட்டைவிடக் கொஞ்சம் நன்றாகவே தெரிகிறது. அந்த வீட்டு அண்ணன் எங்கள் டிவியைப் பார்த்துவிட்டு 55 அங்குலம் வாங்கப் போவதாகச் சொன்னார். சாதாரண சேனலுக்கு அதில் பதின்மூன்றரை அடி வேண்டும் என்று கணக்கைக் காட்டினேன். டேப் எடுத்து அவர் ஹாலை அளந்தோம், நாற்காலியிலிருந்து சுவருக்கு எட்டடி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, டிவி இருக்கட்டும், முதலில் இரண்டு மூன்று சேனலை ஹெச்.டி.க்கு மாற்றச் சொல்கிறேன் என்றார். அவர் பாக்ஸிலும் மஞ்சள் பின்தான் இருக்கிறது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.